இல்லாத ரோமானியன்

“காணாமப் போனவர் ஆணா, பெண்ணா?” என்று கேட்டார் கண்ணாடியம்மா.

“ஆண்.”

“எப்பலேர்ந்து காணோம்?”

எதிரே உட்கார்ந்திருந்த பெரிய அம்மாள் கைப்பையை மடியில் நகர்த்திக்கொண்டார். “செத்து ரெண்டாயிரம் வருஷம் இருக்கும். ஆனா அவன் பொறக்கவே இல்லைன்னு போன மாசம்தான் சொல்ல ஆரம்பிச்சாங்க.”

சன்னலோரம் நின்ற ரேடியோ திரும்பினான். “அப்ப உடம்பு கிடைக்கிறது கொஞ்சம் கஷ்டம் அத்தை.”

கண்ணாடியம்மா அவனைப் பார்த்த பார்வையில் ரேடியோவின் சத்தம் குறைந்தது. அவன் அவருடைய தங்கை மகளைக் கட்டியவன். தூங்கும்போது தவிர மற்ற நேரமெல்லாம் பேசிக்கொண்டிருப்பதால் வந்த பெயர் ரேடியோ. அவருக்கு வந்த பெயருக்குக் காரணம், மூக்கில் ஒன்றும் தலைமுடியில் செருகியது ஒன்றுமாக எப்போதும் இருக்கும் இரண்டு கண்ணாடிகள். காப்பீட்டுக் கம்பெனியில் பொய்க் கேஸ்களைப் பிடித்துப் பிடித்து அலுத்துப்போய், வேலையை விட்டுவிட்டு, சலவைக் கடையின் மாடியில் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் போட்டிருந்தார். கீழேயிருந்து எப்போதும் ஆவியும் சோப்பு வாசனையும் வரும்.

“இவ என் மருமகள்” என்று பெரிய அம்மாள் பக்கத்து நாற்காலியைக் காட்டினார். அங்கே ஒரு பெண் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். முப்பது வயது இருக்கும். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. “பல்கலைக்கழகத்துல ரோம சரித்திரம் சொல்லித் தர்றா. இவ திருடின்னு அவங்க பேராசிரியர் எழுதிக் கொடுத்திருக்கார். நாளன்னைக்கு விசாரணைக் குழு. வேலையும் போகும், வாங்கின பட்டமும் போகும். பதினஞ்சு நாளா எதைச் சாப்பிட்டாலும் வாந்தி எடுக்கறா. என் பையன் கப்பல்ல இருக்கான். அவன் வர்றதுக்குள்ள இவளை நான் பத்திரமா வெச்சிருக்கணும்.”

“மாமியார் மருமகளுக்காகக் கேஸ் குடுக்கறதை இன்னைக்குத்தான் பார்க்கறேன்” என்றான் ரேடியோ.

“பார்த்தாச்சுல்ல, உட்காருங்க” என்றார் மாமியார்.

கண்ணாடியம்மாவுக்கு அவரைப் பிடித்துவிட்டது. மருமகளிடம் திரும்பினார். “யாரும்மா அந்த ரெண்டாயிரம் வருஷத்து ஆள்?”

மருமகள் பேச ஆரம்பித்ததும் குரல் கரகரத்தது. போகப் போகத் தெளிந்தது.

“ரோம ராஜா, தளபதி பேரெல்லாம் எல்லாருக்கும் தெரியும். நான் தேடறது மத்தவங்களை. சமையல்காரன், முடி அலங்காரம் பண்றவ, செவிலி. அவங்களைப் பத்தி எந்தப் புத்தகத்துலயும் இருக்காது. ஆனா செத்ததும் எரிச்சு, சாம்பலைக் குடத்துல போட்டு, புறாக்கூடு மாதிரி இருக்கிற மாடத்துல வைப்பாங்க. கீழே சின்னதா ஒரு பளிங்குப் பலகை. ரெண்டு கை அகலம்தான். ரெண்டு பக்கமும் ஆணி அடிக்க ஓட்டை. அதுல பேரு, தொழில், யார் வெச்சாங்கன்னு நாலு வார்த்தை. அவ்வளவுதான் அவங்க சரித்திரம்.”

“சரி.”

“எங்க துறைக்கு ஒரு பெட்டி பழங்கல் நன்கொடையா வந்துச்சு. நான் அப்ப பேராசிரியர்கிட்ட உதவியாளர். அதுல ஒரு பலகையை நான்தான் கழுவினேன், படிச்சேன். அவீடியஸ் ஹிலாரஸ்னு ஒருத்தன். அடிமையா இருந்து விடுதலை ஆனவன். அடிமையை விடுவிச்சா எஜமான் குடும்பப் பேரு அவனுக்கு வந்துடும், அதான் அவீடியஸ். ஹிலாரஸ்னா சிரிச்ச முகத்துக்காரன். பலகையை வெச்ச மனைவி பேரு அவீடியா. அதே வீட்டுல அவளும் அடிமையா இருந்திருக்கணும்.”

“என்ன தொழில்?”

“கக்கூஸ் குழியிலேர்ந்து மலத்தை அள்ளிக் கூடையில சுமந்து ஊருக்கு வெளிய கொண்டு போறவன்.”

ரேடியோ வாயைத் திறந்து, மாமியாரைப் பார்த்துவிட்டு, மூடிக்கொண்டான்.

“ஈரக் காகிதத்தைக் கல்லு மேல போட்டு பிரஷ்ஷால அடிச்சு அச்சு எடுத்தேன். அச்சு, குறிப்பு, கல்லு எல்லாத்தையும் பேராசிரியர்கிட்ட ஒப்படைச்சேன். கொஞ்ச வருஷம் கழிச்சு அவர் ரோமானியப் பெயர் அகராதின்னு பெரிய புத்தகம் போட்டார். அதுல ஹிலாரஸ் இருந்தான். என் பேரு இல்லை. நான் ஒன்னும் கேட்கலை. இந்த வருஷம் நான் ஒரு புத்தகம் எழுதினேன். அதுலயும் ஹிலாரஸ் இருக்கான். கல்லு எங்க துறையில இருக்குன்னும் எழுதியிருந்தேன். இப்ப அவர் சொல்றார், ஹிலாரஸ்னு ஒருத்தன் கிடையவே கிடையாதாம். திருடனைப் பிடிக்கிறதுக்காக அகராதியில அவரே கற்பனையா ஒரு பேரைச் செருகி வெச்சாராம். நான் அதை அப்படியே திருடி, கல்லைக் கண்ணால பார்த்தேன்னு புளுகிட்டேனாம்.”

“கல்லு?”

“அப்படி ஒரு கல்லே இல்லைங்கறார். அச்சும் இல்லை, குறிப்பும் இல்லை. பெட்டியில மத்த கல்லெல்லாம் இருக்கு.”

கண்ணாடியம்மா முகத்தைச் சுளித்தார். எத்தனையோ பொய்களைப் பார்த்தவர். இல்லாத ஆளை இருக்கிறான் என்று சொல்லிக் காப்பீடு வாங்கியவர்கள் உண்டு. இருந்தவனை இல்லை என்று சொல்லி ஒரு பெண்ணின் வயிற்றில் அடிப்பது புதிதாக இருந்தது.

“ரெண்டு புத்தகத்தையும் கொண்டு வந்திருக்கியா?”

இருந்தது. கண்ணாடியம்மா தலையிலிருந்த கண்ணாடியை இறக்கினார். லத்தீன் ஓர் எழுத்தும் தெரியாது. ஆனால் படங்களில் ஆறு வித்தியாசம் கண்டுபிடிப்பதைப் போல இரண்டு பக்கங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். இரண்டிலும் ஏழே வரிகள். மேல் மூன்று வரிகள் இரண்டிலும் ஒன்றாக இருந்தன. அகராதியில் கீழ் நாலு வரிகளின் கடைசியில் மட்டும் புள்ளிகள்.

“இது என்ன புள்ளி?”

“அழிஞ்சு போன எழுத்து. ஒரு எழுத்துக்கு ஒரு புள்ளி. அதுதான் வழக்கம்.”

“உன் புத்தகத்துல புள்ளியே இல்லையே.”

“நான் பார்க்கும்போது கல்லு முழுசா இருந்துச்சு. அதையும் அவர் விடலை. அழிஞ்ச எழுத்தை நானே இட்டுக் கட்டிட்டேன்னு அது ஒரு தனிக் குற்றம்.”

கண்ணாடியம்மா மேசையிலிருந்து ஒரு கட்டம் போட்ட தாளை உருவினார். “கட்டத்துக்கு ஒரு எழுத்தா இதை எழுது. கல்லுல எப்படி இருந்துச்சோ அப்படி. எங்க புள்ளியோ அங்க கட்டத்தைக் காலியா விடு.”

மருமகள் எழுதினாள். முடித்தபோது வலது கீழ் மூலை வெறுமையாக இருந்தது. மேலிருந்து கீழே ஒவ்வொரு வரியாக, இரண்டு, நாலு, ஐந்து, ஐந்து என்று எழுத்துகள் காணாமல் போயிருந்தன.

“மாப்ள, நீங்க ஒரு பொய்க் கல்லை எழுதறீங்க. பார்க்க பழசா தெரியணும். எங்க புள்ளி வைப்பீங்க?”

“அங்கங்க தூவி விடுவேன் அத்தை. உப்பு மாதிரி.”

“யாரும் அப்படித்தான் செய்வாங்க. இந்த ஆள் மூலையில மட்டும் வரிசையா வெச்சிருக்கார். கற்பனையில செத்தவன் கல்லு இவ்வளவு ஒழுங்கா மூலை போகாது. இவர் ஒரு நிஜக் கல்லைப் பார்த்துத்தான் காப்பி பண்ணியிருக்கார். உன் கையை விட்டுப் போனதுக்கும் அகராதி அச்சானதுக்கும் நடுவுல அந்தக் கல்லுக்கு மூலை போயிருக்கு.”

மருமகள் முதன்முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தாள். “இதைக் குழுவுல சொல்லலாமா?”

“சொன்னா, ‘நிஜம் மாதிரி இருக்கட்டும்னு நான்தான் அப்படி வெச்சேன்’னு சிரிப்பார். கல்லு வேணும்மா.”

*

மறுநாள் காலையில் பேராசிரியர் அவர்களைத் தன் வீட்டுக்கே வரச் சொன்னார். ஒளிப்பதற்குத் தன்னிடம் ஒன்றுமில்லை என்று தொலைபேசியில் சிரித்துக்கொண்டே சொன்னார்.

படிக்கும் அறையில் வாசனைத் தண்ணீர் தெளித்திருந்தது. சுவர் முழுக்கப் பளிங்குத் துண்டுகள், பித்தளைச் சட்டத்துக்குள், தனித்தனி விளக்கு வெளிச்சத்தில். பேராசிரியர் வெள்ளை வெளேரென்று உடுத்தியிருந்தார். கை குலுக்கிய கையோடு மேசையிலிருந்த ஈரத் துண்டை எடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைத்துக்கொண்டார். அதை ரேடியோ பார்த்தான். தன் கையை மோந்து பார்த்தான்.

“இவர் செனட்டர். இவர் ஒரு படைத் தலைவர். இவர் சக்கரவர்த்தியோட தாய்மாமன்” என்று பேராசிரியர் சுவரைக் காட்டிக்கொண்டே வந்தார். “எல்லாம் என் சொந்தச் சேகரிப்பு. பாருங்க, இதுல உங்க தோட்டி இருக்கானா?”

“கற்பனைன்னா, எப்படித் தோணுச்சு அந்த ஆளு?” என்று கேட்டார் கண்ணாடியம்மா.

“ஒரு நாள் சாயங்காலம் பொழுது போகலை. ரொம்பக் கேவலமான தொழிலா ஒன்னு யோசிச்சேன். அப்படி ஒருத்தனை எவனும் தேட மாட்டான் பாருங்க. எனக்கே சிரிப்பு வந்துச்சு, அதனால ஹிலாரஸ்னு பேர் வெச்சேன்.” நாற்காலியில் சாய்ந்தார். “பாவம் அந்தப் பொண்ணு. அதுக்கு இந்த மாதிரி ஆளுங்கமேல ஒரு பாசம். வர்ற இடம் அப்படி. நாம என்ன சொல்றது. மலம் சுமந்தவனுக்கெல்லாம் எதுக்குங்க பேரு?”

கண்ணாடியம்மா தலையிலிருந்த கண்ணாடியை இறக்கினார். கட்டம் போட்ட தாளை எடுத்து மேசையில் விரித்தார். “மூலையில எழுத்து போன மாதிரி வெச்சீங்களே, அது எதுக்கு?”

“நம்பற மாதிரி இருக்கணுமே. கல்லுன்னா கீழ விழும். விழுந்தா மூலை தெறிக்கும்.”

“தெறிச்ச மாதிரிதான் நினைச்சீங்க.”

“ஆமா. அதுல என்ன?”

பேராசிரியரின் மனைவி தேநீர் கொண்டு வந்தார். ஒல்லியான பெண்மணி. யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. தட்டை வைக்கும்போது கொஞ்சம் தேநீர் சிந்தியது.

“ஒரு தட்டைக்கூட நேரா வைக்கத் தெரியாது” என்றார் பேராசிரியர் விருந்தாளிகளிடம், மனைவி அந்த அறையிலேயே இல்லாததைப் போல. அவர் தட்டை நேராக்கிவிட்டு உள்ளே போனார்.

மேசையில் இடமில்லை. ரேடியோ தன் கப்பைத் தாளின்மேலேயே வைத்தான். கண்ணாடியம்மா எரிச்சலோடு, “மாப்ள, எடுங்க அதை” என்றார்.

எடுத்தான். கப்பின் அடியிலிருந்த ஈரம் வட்டமாகப் பதிந்திருந்தது. எழுத்துகள் முடிந்து வெறுமை தொடங்கும் இடத்தைத் தொட்டுக்கொண்டே, மேலிருந்து கீழ்வரை, அந்த வளைவு போனது. ஓர் எழுத்தின்மேல்கூட ஏறவில்லை.

“கச்சிதமா உட்கார்ந்துடுச்சு அத்தை” என்றான் ரேடியோ. “கப் வைக்கவே வெட்டின மாதிரி.”

கண்ணாடியம்மா அவனைத் திட்ட வாயெடுத்தவர் நிறுத்தினார். இரண்டு, நாலு, ஐந்து, ஐந்து. கீழே விழுந்து தெறித்த மூலை நேர்கோட்டில் சாய்ந்திருக்கும். ஒவ்வொரு வரிக்கும் ஒரே அளவாகக் கூடிக்கொண்டு போகும். இது முதலில் வேகமாக இறங்கி, பிறகு செங்குத்தாக நின்றது. இது வட்டம். கல் தானாக வட்டமாக உடையாது. யாரோ அளந்து வெட்டியிருக்கிறார்கள்.

பளிங்குப் பலகையில் வட்டமாக ஒரு மூலையை எதற்காக வெட்டுவார்கள்? அந்த இடத்தில் உருண்டையாக ஏதோ நிற்கிறது. அது நகராது. கல்தான் விட்டுக்கொடுக்க வேண்டும்.

“கை கழுவணும்” என்று எழுந்தார். “பின்பக்கம் குழாய் இருக்கா?”

“இந்தப் பக்கமே இருக்கே” என்று பேராசிரியர் அவசரமாகச் சொன்னார்.

“பரவாயில்லைங்க. உங்க வீட்டம்மாகிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிக்கறேன், டீ நல்லா இருந்துச்சுன்னு.”

அவர் தேநீரைத் தொடவே இல்லை.

*

சமையலறைக் கதவைத் தாண்டியதும் நாற்றம் முகத்தில் அடித்தது. எச்சில் தண்ணீரும் எண்ணெய்ப் பிசுக்கும் நாள்பட்டுப் புளித்த நாற்றம். முன்னறையின் வாசனைத் தண்ணீர் எதற்காக என்பது புரிந்தது. சுவரிலிருந்து இறங்கிய கழிவுக் குழாய் தரையில் ஒரு குழிக்குள் போனது. குழியை ஒரு பலகை மூடியிருந்தது. கறுப்பும் பச்சையுமாகப் பாசி. ஒரு மூலையில் வட்டமாக வெட்டிக் குழாய்க்கு இடம் விட்டிருந்தார்கள். இரண்டு ஓரத்திலும் ஆணி நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை.

பேராசிரியரின் மனைவி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். கண்ணாடியம்மா எங்கே பார்க்கிறார் என்று பார்த்தார். குழாயை நிறுத்தினார்.

“மாப்ள” என்றார் கண்ணாடியம்மா. “அதைத் தூக்குங்க.”

“அத்தை, நான் உங்க வீட்டு மாப்பிள்ளை.”

“அதனாலதான் மரியாதையா சொல்றேன்.”

ரேடியோ சட்டைக் கையை மடித்தான். மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். பலகை சளக்கென்று விட்டுக்கொடுத்தது. கீழிருந்து கரப்பான் பூச்சிகள் நாலு பக்கமும் சிதறின. திருப்பியதும் அடிப்பக்கத்திலிருந்து சாம்பல் நிறக் கொழகொழப்பு வழிந்தது. அவன் முகத்தைத் திருப்பி ஓங்கரித்தான். கண்ணாடியம்மா ஒரு குச்சியால் வழித்தார். அழுக்கு விலகிய இடத்தில் எழுத்து தெரிந்தது. கட்டம் போட்ட தாளில் இருந்த அதே முதல் வரி.

“கிடைச்சுட்டான்” என்றான் ரேடியோ, கண்ணில் நீரோடு. அதற்குமேல் அவனுக்குப் பேச்சு வரவில்லை.

பேராசிரியர் கதவருகில் நின்றார். கைக்குட்டை மூக்கில் இருந்தது. தன் வீட்டுச் சாக்கடைக்கே அவர் கைக்குட்டையோடுதான் வந்தார்.

“இது என்னன்னு எனக்குத் தெரியாது. பிளம்பர் வெச்சது.”

“பிளம்பர் தட்டையா ஒரு கல்லு கேட்டார்” என்றார் அவர் மனைவி. குரல் மெதுவாக இருந்தது, ஆனால் நடுங்கவில்லை. “பெட்டி அப்ப இங்கதான் இருந்துச்சு. பல்கலைக்கழகத்துலேர்ந்து வீட்டுல வெச்சுப் பார்க்கறதுக்குக் கொண்டு வந்திருந்தீங்க. நீங்கதான் எடுத்துக் குடுத்தீங்க. இருக்கறதுலயே இதுதான் உதவாததுன்னீங்க. மூலையை வெட்டச் சொன்னதும் நீங்கதான்.”

“உள்ள போ.”

அவர் போகவில்லை.

“அப்புறம் அகராதிக்கு வேணும்னப்ப, அந்தப் பொண்ணு குடுத்த அச்சும் குறிப்பும் எங்க போச்சுன்னு தெரியாம, கையுறை போட்டுக்கிட்டு வந்து நீங்களே புரட்டிப் பார்த்து எழுதிக்கிட்டீங்க. எனக்கு லைட் பிடிக்கிற வேலை.”

கண்ணாடியம்மாவுக்கு இப்போது எல்லாம் தெரிந்தது. ஒன்றுதான் பாக்கி. “பொண்ணு புத்தகத்துல கல்லு துறையில இருக்குன்னு எழுதினதும் யாரோ கல்லைக் கேட்டிருக்காங்க. யாரு?”

மனைவி சொன்னார். “வெளிநாட்டுல ஒரு மியூசியம். கூலி வேலை செஞ்சவங்களைப் பத்திக் கண்காட்சியாம். இந்தக் கல்லைத்தான் வாசல்லயே வைக்கப் போறோம், அனுப்புங்கன்னாங்க. ரெண்டு நாள் தூங்கலை இவர். மூணாவது நாள் எழுந்து, அப்படி ஒருத்தன் இல்லவே இல்லைன்னு சொல்லிட்டார்.”

“கல்லைச் சாக்கடைக்கு வெச்சுட்டேன்னு சொல்ல வெட்கம். அதுக்காக ஒரு மனுஷனையே இல்லைன்னாச்சு. அவனைப் பார்த்தவளைத் திருடின்னாச்சு” என்றார் கண்ணாடியம்மா. “நான் ஏதோ பெரிய காரணம் இருக்கும்னு நினைச்சேங்க. பழைய பகை, புதையல், அப்படி ஏதாவது.”

பேராசிரியர் கைக்குட்டையை இறக்கினார். குரலில் தேன் தடவிக்கொண்டார். “இதைப் பெரிசு பண்ண வேண்டாம். நான் புகாரை வாபஸ் வாங்கிக்கறேன். ஏதோ தவறான புரிதல்னு எழுதிடலாம். அந்தப் பொண்ணு வேலை அதுக்கு இருக்கும். கல்லை இங்கயே வெச்சுடுங்க.”

“நீங்க ஏன் இதைத் தூக்கி எறியலை? ஒரு மாசம் இருந்துச்சே.”

அவர் நிஜமாகவே யோசித்தார். “எடுத்தா எலி வருமே.”

கண்ணாடியம்மா குச்சியைக் கீழே போட்டார். பிறகு, “மாப்ள, தூக்குங்க” என்றார்.

“அது என் வீட்டுப் பொருள். எடுத்துட்டுப் போனா திருட்டு.”

“இல்லாத கல்லைத்தானே சார் எடுத்துட்டுப் போறோம்” என்றான் ரேடியோ. “போலீஸ்ல என்னன்னு எழுதிக் குடுப்பீங்க?”

பேராசிரியரின் மனைவி ஒரு பிளாஸ்டிக் தொட்டியைக் கொண்டு வந்து அவன் முன்னால் வைத்தார். வெளி கேட்டு வரைக்கும் கூடவே வந்தார்.

“குழியை மூடினப்ப ஒரு விருந்து வெச்சார். வந்தவங்களையெல்லாம் பின்னாடி கூட்டிட்டுப் போய் இதைக் காட்டினார். ஹிலாரஸ் திரும்பவும் வேலைக்குச் சேர்ந்துட்டான்னார். எல்லாரும் அப்படிச் சிரிச்சாங்க. நான் கையில தட்டோட நின்னேன். நானும் சிரிச்சேன்.” கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். “யார் யார் சிரிச்சாங்கன்னு தெரியணுமா உங்களுக்கு?”

சொன்னார். கண்ணாடியம்மா கண்ணாடியைக் கழற்றி, புடவைத் தலைப்பால் துடைத்து, திரும்பப் போட்டுக்கொண்டார்.

அலுவலகத்தில் காத்திருந்த மருமகள் தொட்டியை எட்டிப் பார்த்தாள். பிறகு பிரஷ்ஷும் தண்ணீரும் எடுக்க எழுந்தாள்.

“கழுவாதே” என்றார் கண்ணாடியம்மா. “நாளைக்கு நாத்தத்தோடயே வரட்டும்.”

*

விசாரணைக் குழுவில் மூன்று பேர். தலைவர் பல்கலைக்கழகத்தில் எல்லோருக்கும் மூத்தவர், நரைத்த தாடிக்காரர். ஒரு பக்கம் சட்டம் சொல்லித் தரும் பேராசிரியை. மறுபக்கம் பதிவாளர். எதிரே ஒரு நாற்காலியில் பேராசிரியர், இன்றும் வெள்ளையில். இன்னொன்றில் மருமகள், பின்னால் அவள் மாமியார்.

கண்ணாடியம்மா சாட்சியாக உள்ளே வந்தார். ரேடியோ தொட்டியை மேசை நடுவில் வைத்து மூடியை எடுத்தான்.

பதிவாளர் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்தார். சட்டப் பேராசிரியை மூக்கைப் பொத்திக்கொண்டு, “என்ன இது?” என்றார்.

“சாட்சி. பேர் அவீடியஸ் ஹிலாரஸ். நேத்து வரைக்கும் பேராசிரியர் வீட்டுச் சாக்கடையை மூடிக்கிட்டு இருந்தார்.”

பேராசிரியர் எழுந்தார். தன்னுடைய கற்பனையை யாரோ பார்த்துக் கல்லில் வெட்டிப் போலி தயாரித்துவிட்டார்கள் என்றார். நன்றாகத்தான் பேசினார். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே சட்டப் பேராசிரியை ஒரு கையால் மூக்கைப் பிடித்தபடி மறு கையில் அகராதியை வைத்துக்கொண்டு வரி வரியாக ஒப்பிட்டார். அகராதியில் புள்ளி தொடங்கும் இடத்தில் கல்லில் குழாய் வெட்டு தொடங்கியது. ஓர் எழுத்து முன்னே பின்னே இல்லை.

“இந்த வெட்டைப் பார்த்துட்டுத்தானே உங்க புள்ளி வந்திருக்கு?” என்றார் அவர். “போலி செய்யறவன் எதுக்குக் குழாய்க்கு இடம் விடப் போறான்?”

பேராசிரியர் தலைவரைப் பார்த்தார். உதவி கேட்கும் பார்வை. தலைவர் தொண்டையைச் செருமினார். “இந்தக் கல்லு எங்கிருந்து வந்துச்சுன்னு உறுதியா சொல்ல முடியாது. சாக்கடையை நம்மள்ல யாரும் பார்க்கலை. விசாரணையை ஒத்தி வைக்கலாம்னு…”

“நீங்க பார்த்திருக்கீங்களே” என்றார் கண்ணாடியம்மா.

தலைவரின் கை தாடியில் நின்றது.

“விருந்து அன்னைக்கு. சமையலறைக்குப் பின்னாடி. ஹிலாரஸ் வேலைக்குத் திரும்பிட்டான்னு அவர் சொன்னதும், ஒரு டம்ளர் தண்ணியை அதுமேல ஊத்தி, ‘இந்தா உன் சம்பளம்’னு சொன்னது நீங்கதானாம். அந்த வீட்டம்மா வெளியில உட்கார்ந்திருக்காங்க. கூப்பிடட்டுமா?”

நாற்றம் அறை முழுக்கப் பரவிக்கொண்டிருந்தது.

“அது இதுதான்னு நான் நினைக்கலை” என்றார் தலைவர் கடைசியில். “ஒரு தமாஷ். எல்லாரும்தான் சிரிச்சாங்க.”

மருமகள் பேசினாள். அன்று அவள் பேசியது அது ஒன்றுதான். “பேரைச் சொல்லித்தானே சார் சிரிச்சீங்க.”

சட்டப் பேராசிரியை தலைவரின் முன்னால் இருந்த காகிதங்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். புகார் பொய் என்று எழுதினார். பல்கலைக்கழகச் சொத்தை எடுத்துச் சேதப்படுத்தியதற்குப் பேராசிரியர்மேலும், தெரிந்தே விசாரணையில் உட்கார்ந்ததற்குத் தலைவர்மேலும் தனித்தனியாக விசாரணை வேண்டும் என்றும் எழுதினார். பதிவாளர் பக்கத்தில் குனிந்து கையெழுத்துப் போட்டார்.

வெளியே போகும்போது பேராசிரியர் கண்ணாடியம்மாவின் அருகில் நின்றார். என்ன சொல்லலாம் என்று தேடினார். “ஒரு மூடி தேவைப்பட்டுச்சு, அவ்வளவுதான்” என்றார். கையை நீட்டினார். கண்ணாடியம்மா அந்தக் கையைப் பார்த்தார். சுத்தமான கை. சுவரோரமாக ஒதுங்கி வழி விட்டார்.

நடைபாதையின் கடைசியில் பெண்கள் கழிவறை. மருமகள் கல்லைக் கை கழுவும் தொட்டியில் வைத்துக் குழாயைத் திறந்திருந்தாள். புடவை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு மாமியார் சோப்பைக் குழைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். ரேடியோ வாசலிலேயே நின்று, கதவைப் பிடித்துக்கொண்டு, வேறு யாரையும் உள்ளே விடாமல் காவல் காத்தான்.

“வேலை தப்பிச்சுச்சு. ஆனா நாளைலேர்ந்து இந்த முகங்களையேதான் பார்க்கணும்” என்றாள் மருமகள், தேய்ப்பதை நிறுத்தாமல். “சிரிச்சவங்க இன்னும் எத்தனை பேர் இங்க இருக்காங்களோ.”

“பார்க்கட்டும். உன்னைத்தான் அவங்க பார்க்கணும்” என்றார் மாமியார்.

கறுப்பு போய்ப் பளிங்கு வெளுக்க ஆரம்பித்தது. கண்ணாடியம்மா குனிந்தார். “அந்த மனைவி என்னதான் எழுதி வெச்சிருக்கா?”

மருமகள் ஈர விரலால் வரிகளைத் தொட்டுக்கொண்டே தமிழில் சொன்னாள். வெட்டுப்பட்ட இடம் வந்தும் விரல் நிற்கவில்லை. வெறும் காற்றில் போனது. “அவீடியஸ் ஹிலாரஸ், எரு சுமந்தவன். அவீடியா வைத்தது. ஒரு நாளும் அவன் கழுவாமல் என் வாசலை மிதித்ததில்லை.”

மாமியார் சோப்பைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

“நான் ஆஸ்பத்திரியில ஆயாவா இருந்தேன்ல. பெட்பேன் எடுக்கற வேலை” என்றார். “எத்தனை பசியா இருந்தாலும் குளிச்சிட்டுத்தான் உன் புருஷனைத் தூக்குவேன். அவன் கையை நீட்டிக்கிட்டு அழுவான். அவங்கப்பா பார்த்துக்கிட்டே நிப்பார். ஒரு வார்த்தை சொன்னதில்லை.”

சொல்லிவிட்டு, குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டார்.